கணவருக்கும் சேர்த்து ஒரு ரயில் டிக்கெட்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவேன். படிப்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. அதில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, 'இது என்ன நியாயம்?' என்று பதில் எழுதிப் போட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். (ரேஷன் கார்டின் பின்பக்கத்தை முழுசாகப் படித்த ஒரே ஜீவன் நான்தான் என்று என் கணவர் சொல்வார்.) இந்தப் பழக்கத்தால் ஒருமுறை, கல்லுக்குண்டு மாதிரி இருந்த அந்த மனிதரை நோயாளியாக்கித் தாம்பரம் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் முழுக்க முழுக்க என் சொந்த மூளையால் செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது. திருச்சியில் இருந்தோம். கெமிஸ்ட்ரி படித்திருந்த எனக்கு, தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. என் கணவர் ஜெயசீலன் திருச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாகக் கணக்கு வாத்தியார். உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கி நின்றபோது, அவர் ஒரே நிமிஷத்தில் விஷயத்தை முடித்துவிட்டார்.

"கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் ரெஜி. நீ போற ஊர்ல நான் சொல்லித் தர்றேன்."

மறுநாளே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பெண்டாட்டி வேலைக்காகத் தன் வேலையை விடும் ஆண்பிள்ளையை அந்தத் தெரு அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவருடைய அண்ணன் ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. இவரோ ஒன்றும் நடக்காத மாதிரி சாயங்காலம் விசில் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதருக்கு ஒரு குறையும் வராமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். அங்கேதான் வினை ஆரம்பமானது.

வேலை உத்தரவு நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், வெளியூரிலிருந்து குடி பெயர்ந்து வருகிறவர்களுக்குக் கம்பெனி என்னென்ன உதவி செய்யும் என்று போட்டிருந்தது. ஊழியருக்கும் குடும்பத்துக்கும் முதல் வகுப்பு ரயில் டிக்கெட். வீட்டுச் சாமான் கொண்டுவர ஒரு லாரி. வாடகை வீடு கிடைக்கும்வரை பதினைந்து நாள் கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் குடும்ப அறை. படித்தபோது எனக்கு மகாராணி மாதிரி இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: 'குடும்பம் என்பது மனைவியையும் குழந்தைகளையும் குறிக்கும்.' குடும்பம் இல்லாத ஊழியருக்கு ஒரு டிக்கெட், இரண்டு பெட்டி, லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில்.

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. எனக்கு மனைவியும் இல்லை.

உடனே உட்கார்ந்து எழுதினேன். 'குடும்பம் என்பதில் கணவர் அடங்குவாரா என்று அன்புடன் தெரிவிக்கவும்.' நான்கு நாளில் பதில் வந்தது. பர்சனல் ஆபீசர் சாலமன் என்பவர் கையெழுத்துப் போட்டிருந்தார். 'அடங்க மாட்டார்.' இரண்டே வார்த்தை! எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டாவது கடிதம் எழுதினேன். 'ஒரு ஆணுக்கு மனைவி எப்படியோ, ஒரு பெண்ணுக்குக் கணவரும் அப்படியே. என்னைத் தனியாக அழைத்து, என் கணவரையும் கட்டிலையும் பீரோவையும் திருச்சியில் விட்டுவிட்டு வரச் சொல்வது தங்கள் கம்பெனியின் நோக்கமாக இருக்காது என்று நம்புகிறேன்.' (வேலையில் சேருவதற்கு முன்னாலேயே மேலதிகாரிக்கு இப்படி எழுதியவளை அவர்கள் எப்படி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.)

இந்த முறை பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. இதுவரை வெளியூரிலிருந்து கல்யாணமான பெண் ஒருவரை அவர்கள் வேலைக்கு எடுத்ததே இல்லையாம். அதனால் விதியில் கணவருக்கு இடமில்லை. ஆனால் 'ஊழியரைச் சார்ந்து வாழும், சம்பாதிக்க இயலாத உறவினர்' என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். வயசான அப்பா, அம்மாவுக்காகப் போட்டது. கெஜட்டட் ஆபீசர் அல்லது சபைப் போதகர் ஒருவரிடம் சர்டிபிகேட் வாங்கி அனுப்பினால் அதில் சேர்க்கலாமா என்று யோசிப்பார்களாம்.

யோசிப்பார்களாமே! எனக்கு அது போதாதா? மெயின் கார்டு கேட் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஓடினேன். 'திரு. ஜெயசீலன் தற்போது வருமானம் எதுவும் இல்லாதவர்; தம் மனைவியை முழுமையாகச் சார்ந்திருக்கிறார்' என்று நானே வாசகம் சொல்லி அடிக்க வைத்தேன். ராஜினாமா செய்தாகிவிட்டது, வருமானம் இல்லை. இதில் என்ன பொய்?

எங்கள் போதகர் தங்கமான மனிதர். காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஜெயசீலனுக்குத் தெரியுமாம்மா?"

"அவருக்கு இந்த மாதிரி ஆபீஸ் விஷயமெல்லாம் பிடிக்காதுங்க ஐயா. நான்தான் பார்த்துக்கிறேன்."

கையெழுத்துப் போட்டார். போட்டவர் சும்மா இருந்திருக்கலாம். வெறும் காகிதமாகக் கொடுக்க அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பேனாவை மறுபடி திறந்து, கீழே தம் கையால் ஒரு வரி சேர்த்தார். 'இவருடைய நிலைமையை நான் நன்கு அறிவேன். சபையில் இவருக்காக விசேஷமாக ஜெபித்துவருகிறோம்.'

அந்த வரியைப் பார்த்ததும் அது எப்படிப் படிக்கப்படும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேஸ் ஜெயித்துவிட்டது என்று மனசுக்குள் குதித்தேன். மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதி, அதோடு இணைத்து அப்படியே தபாலில் சேர்த்துவிட்டேன்.

ஜெயித்தும் விட்டது. இரண்டு முதல் வகுப்பு டிக்கெட், லாரி, குடும்ப அறை, எல்லாம் அனுமதி. இவரிடம் காட்டினேன். "பரவாயில்லையே, பெரிய கம்பெனி" என்றார். "நான் எழுதின எழுத்து அப்படி" என்றேன். எப்படி எழுதினேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காலை வெயில் ஏறுகிற நேரத்தில் தாம்பரத்தில் இறங்கினோம். பீச் போகிற மின்சார ரயிலைப் பிடிக்க ஆபீஸ்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ரெஜினா அம்மா நீங்கதானா? நான் கெஸ்ட் ஹவுஸ் முனுசாமி. சாலமன் சார் அனுப்ச்சாரு. சார் எங்கமா கீறாரு?"

சார் அப்போதுதான் ஒரு டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்து, இன்னொன்றைக் கையில் பிடித்து, படுக்கைச் சுருட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரயிலிலிருந்து குதித்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அடேயப்பா! சாமான் தள்றதுக்கு வண்டிகூட அனுப்பியிருக்காங்களே!"

சொல்லிக்கொண்டே டிரங்குப் பெட்டியை அதில் சௌகரியமாக உட்கார வைத்தார். முனுசாமி வாயைப் பிளந்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். (அறுந்த செருப்பைக்கூட அவ்வளவு நேரம் நான் சரிசெய்ததில்லை.)

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் உடம்பு முடியாத ஒருவர் தாம்பரத்துக்கு வருகிறார் என்றால் யாரும் வேறு நோயை நினைக்கவே மாட்டார்கள். சானடோரியம் பக்கத்தில்தானே இருக்கிறது! காசநோய் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். முனுசாமியும் கட்டிவிட்டார். கெஸ்ட் ஹவுஸில் இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். காலையில் எனக்கு இரண்டு இட்லி. இவருக்கு நான்கு இட்லி, இரண்டு அவித்த முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால்.

"நல்லா துன்னு சார். துன்னாத்தான் ஒடம்பு தேறும்."

"இதைவிட என்ன தேறணும் முனுசாமி?" என்று சிரித்துக்கொண்டே மூன்றாவது முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மத்தியானம் கோவளத்து மீன் வந்தது. பெரிய துண்டு இவருக்கு, தலை எனக்கு. "உன் கம்பெனியில வாத்தியார்களுக்கு என்ன மரியாதை பார்த்தியா!" என்று இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான் மீன் தலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள்தான் இடி இறங்கியது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறதென்று கேள்விப்பட்டு, இவர் வந்த அன்றே மனு கொடுத்திருந்தார். இண்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, முட்டை மூன்றையும் சாப்பிட்டுவிட்டுத் தெம்பாகப் போனார். நான் வேலை முடிந்து திரும்பியபோது வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். விசில் இல்லை.

"ரெஜி, எனக்கு என்ன நோய்னு மட்டும் சொல்லிடு. அதையாவது தெரிஞ்சுக்கிறேன்."

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நடந்தது இதுதான். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நடுவில் தலைமையாசிரியர். வலப்பக்கம் பள்ளிக் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர். இடப்பக்கம் அந்தக் குழுவின் செயலாளர், அதாவது எங்கள் கம்பெனி பர்சனல் ஆபீசர் சாலமன்! இவருடைய பெயரைப் பார்த்ததும் சாலமன் எழுந்து வந்து, கையைப் பிடித்து, மெதுவாக நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார். "இப்ப எப்படி இருக்கு? இந்த நிலைமையில எதுக்கு வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறார். இவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, பாழாய்ப்போன சாக்பீஸ் தூசி தொண்டையில் போய், ஒரு இருமல் இருமியிருக்கிறார்.

மூத்த உறுப்பினர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலைத் திறந்துவிட்டாராம். தலைமையாசிரியர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே, "பிள்ளைகள் படிக்கிற இடம், தப்பா நினைக்கக் கூடாது" என்றாராம். இண்டர்வியூ முடிந்துவிட்டது. கணக்கில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று கடிதம், சர்டிபிகேட், போதகர் சேர்த்த வரி. அவர் கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கோபப்படவில்லை. "எட்டு வருஷம் வேலை செஞ்சவனை முடியாதவன்னு எழுதிட்டியே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பெரிய மீன் துண்டை அவர் தொடவே இல்லை.

நிலைமை இப்போது பச்சையாகத் தெரிந்தது. சர்டிபிகேட் உண்மை என்றால் அவருக்கு வேலை கிடையாது. பொய் என்றால் எனக்கு வேலை கிடையாது. நானோ சேர்ந்து நான்கு நாள் ஆன புரொபேஷன்காரி.

மறுநாள் காலை சாலமன் சார் அறைக்குப் போனேன். கண்ணாடி போட்ட, ஒல்லியான, சிரிக்கவே தெரியாத முகம். என் மூன்று கடிதங்களும் சர்டிபிகேட்டும் அவர் மேஜையில் வரிசையாக இருந்தன.

"மிஸஸ் ஜெயசீலன், இந்த சர்டிபிகேட் உண்மையா, பொய்யா?"

"உண்மைதான் சார். இதுல நோய்னு ஒரு வார்த்தை இருந்தா காட்டுங்க." (பார்த்தீர்களா, அந்த நிலைமையிலும் வாய் அடங்கவில்லை!)

அவர் காகிதத்தை எடுத்து நிதானமாகப் படித்தார். "அவருக்காக விசேஷமா ஜெபிக்கிறோம்னு போட்டிருக்கே?"

"எல்லாருக்கும்தான் சார் ஜெபம் வேணும். ஏன், உங்களுக்கு வேண்டாமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணும். அதுவும் உங்க லெட்டர் வர்ற அன்னிக்கு ரொம்ப வேணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்குள் இருந்த முறுக்கு எப்படியோ தளர்ந்துவிட்டது. முந்தின நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்த மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. "சார், அந்த வரியை நீங்க எப்படிப் படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். அவருக்கு இதுல ஒரு எழுத்துகூடத் தெரியாது. எனக்காக வேலையை விட்டுட்டு வந்தவர் சார். என்னை அனுப்பிட்டாலும் பரவாயில்ல, அவருக்கு அந்த இடத்தைக் கெடுத்துடாதீங்க" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது.

சாலமன் சார் என் கடிதங்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"முடியாதவர்னு எழுதினது நீங்க. முடியும்னும் நீங்களே எழுதிக் கொடுங்க. ஸ்கூல் பைல்ல இருக்கணும். கூடவே டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு. அதுக்கப்புறம் இண்டர்வியூ முதல்ல இருந்து நடக்கும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் போதும் என்றார். இரண்டு பக்கம் எழுதினேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்தபோது, "ஒரு நிமிஷம்" என்றார்.

"நீங்க எழுதினபடி உங்க கணவர் இனிமே சார்ந்து வாழும் உறவினர் இல்லை. விதிப்படி உங்களுக்கு இப்பக் குடும்பம் கிடையாது. அதனால குடும்ப அறையும் கிடையாது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க."

நான் பிடித்துத் தொங்கிய விதியை வைத்தே அந்த மனிதர் என்னை மடக்கிவிட்டார்.

அன்று மத்தியானமே ராஜகீழ்ப்பாக்கத்தில், சுண்ணாம்பு பாதி அடித்து மீதி அடிக்காமல் இருந்த ஒரு வீட்டைப் பிடித்தோம். சுற்றிலும் வயல். கம்பெனி லாரியில் வந்து கெஸ்ட் ஹவுஸ் ஷெட்டில் கிடந்த எங்கள் சாமான்களை ஏற்ற ஒரு மாட்டு வண்டி வந்தது. லாரி போன இடம் தெரியவில்லை. வண்டிக்காரருக்கு முதுகுப் பிடிப்பு. இவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் கட்டிலைத் தூக்கினார், பெட்டிகளை ஏற்றினார், கடைசியில் மர பீரோவை ஒரு பக்கம் தனியாகத் தாங்கி வண்டியில் சாய்த்தார். முனுசாமி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

"இன்னா சார் இது! நாலே நாள்ல தேறிக்கினியே! அல்லாம் நம்ம முட்டை சார்!"

நான்கு நாளாக அடக்கி வைத்திருந்தேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பீரோவைத் தாங்கிக்கொண்டிருந்த அந்த முகத்திலும் இண்டர்வியூவுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியெல்லாம் விசில் கேட்டது.

டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்தார். இரண்டாவது இண்டர்வியூவில் கணக்குக் கேள்விகளே கேட்டார்கள். வேலை கிடைத்தது. என் வேலையும் போகவில்லை. மறு வருஷம் கம்பெனியின் விதிப் புத்தகத்தில் 'மனைவி' என்று இருந்த இடத்தில் 'மனைவி அல்லது கணவர்' என்று மாற்றி அடித்திருந்தார்கள். கீழே சாலமன் சார் கையெழுத்து. என்னிடம் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. (எனக்குப் பின்னால் கணவரோடு வந்த பெண்களெல்லாம் கௌரவமாக லாரியில் சாமான் கொண்டுவந்தார்கள். ஒருத்தியும் எனக்கு ஒரு காபி வாங்கித் தரவில்லை.)

அந்தப் பள்ளிக்கூடத்தில் என் கணவர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்து ரிடயர் ஆனார். பிரிவு உபசார விழாவில், அப்போதைய தலைமையாசிரியர் இவருடைய சர்வீஸ் பைலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மேடையேறினார். "இந்த பைலின் முதல் பக்கத்தில், வேறு எந்த ஆசிரியருக்கும் இல்லாத ஒரு சிபாரிசுக் கடிதம் இருக்கிறது" என்றார். எழுந்து போகலாம் என்றால் முதல் வரிசையில், மாலை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் வாசிக்க ஆரம்பித்தார்.

'என் கணவர் உழைக்கக் கூடியவர். இதை வீட்டில் நான் நேரில் பார்த்திருக்கிறேன். தினமும் பதினைந்து குடம் தண்ணீர் இறைப்பார். நான்கு வருஷத்தில் இரண்டு முறைதான் உடம்பு சரியில்லை என்று படுத்தார். இரண்டு முறையும் என் அண்ணன் வீட்டு விசேஷம். ஆகவே அதை நோயாகக் கருத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

மண்டபம் கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரித்தது. மூன்றாவது வரிசையில் என் அண்ணனும் உட்கார்ந்திருந்தார். இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "இந்தக் கடிதத்தைக் காப்பாற்றுவதற்காகவே இத்தனை வருஷம் மெடிக்கல் லீவு எடுக்காமல் வந்தேன். இன்றோடு என் வருமானம் நின்றுவிட்டது. போதகர் யாராவது சபையில் இருந்தால், என் மனைவி ஒரு சர்டிபிகேட் தயாராக வைத்திருக்கிறாள்" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் காய்கறிப் பையை அவர் பக்கம் நீட்டினால், அவர் கண்ணை மூடி லேசாக ஒரு இருமல் இருமுவார். என் மகள் உடனே, "அப்பாவுக்காக எல்லாரும் விசேஷமா ஜெபிப்போம்" என்பாள். பேரன் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பான். எழுதிக் கொடுத்தது நான் ஆயிற்றே, என்ன செய்வது? பையை எடுத்துக்கொண்டு நானே கிளம்பிவிடுகிறேன்.